கேட்டதையெல்லாம் சொல்லலாமா?

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே வல்லம் வடகால் என்னும் ஊர் இருக்கின்றது. ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைந்த பூமி. இப்பொழுது சிப்காட் தொழிற்பேட்டை. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2017-ல் தன் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை ஒன்றை இங்கே திறந்தது. வேறு பல கம்பெனிகளும் வந்துவிட்டன. ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்பதும், கழுத்தில் அடையாள அட்டையுடன் இளம் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கிப் போவதும் இந்தப் பக்கத்தில் அன்றாடக் காட்சி. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இவ்வூரில் பெண் தொழிலாளர்களுக்கென ஒரு விடுதியைத் திறந்து வைத்தார். 706.50 கோடி ரூபாய்ச் செலவில் சிப்காட் கட்டியது. 18,720 பேர் தங்கலாம். நம்முடைய கிராமங்கள் பலவற்றில் மொத்த ஜனத்தொகையே இவ்வளவு இராது.

அந்த விடுதியைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு தகப்பனார் என்னிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வருகின்றது. திருவாரூர் பக்கத்துக்காரர். அவருடைய மகள் இந்தப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஐந்தாறு வருடமாக வேலை செய்கிறாள். அவளைப் பார்க்க வந்தவர் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு வந்திருந்தார். தொழுது வெளியே வந்ததும் என்னை ஓரமாக அழைத்தார்.

“பாய், ஒரு மஸ்அலா. ஹஜ்ரத்துக்கிட்ட கேக்கக் கூச்சமா இருக்கு. 2021-ல ராத்திரியில பொம்பளப் புள்ளைங்க ரோட்டுல உக்காந்துச்சே, ஞாபகம் இருக்கா? எம்மவ அந்தக் கம்பெனி இல்ல, வேற. ஆனா அவளுக்கும் போன்ல சேதி வந்துச்சு, புள்ளைங்க மவுத்தாயிட்டாங்கன்னு. பதறிப்போயி மூணு குரூப்புக்கு அனுப்பிட்டா. அப்புறம் பாத்தா யாரும் மவுத்தாகல. போன ரமலான்ல பயான்ல ஹதீஸ் சொன்னாங்களாம், கேட்டதையெல்லாம் சொல்றதே பொய்யின்னு. அதுலேருந்து, அத்தா நான் பொய் சொல்லிட்டேனா, பயந்துதானே அனுப்பினேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நான் என்ன சொல்றது பாய்?”

வாசகர்களில் சிலருக்கு அந்த நிகழ்ச்சி மறந்திருக்கும். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் பூந்தமல்லிப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தனர். அங்கே உணவு நஞ்சாகி 250-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அவர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். போன தோழிகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான், “சிலர் இறந்துவிட்டார்கள், மறைக்கிறார்கள்” என்னும் செய்தி கைபேசிகளில் புகுந்தது. டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்துவிட்டார்கள். மறுநாள் வரை அசையவில்லை. அதிகாரிகள் வந்து, எவரும் இறக்கவில்லை என்று எடுத்துச் சொல்லி, நெடுநேரம் பேசிய பிறகே சாலை திறந்தது.

இறந்தார்கள் என்ற செய்தி பொய். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த பயம் பொய்யன்று. ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை தரையில் படுத்து உறங்கினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. டிசம்பர் 29 அன்று ஆப்பிள் நிறுவனமே, சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஒப்புக்கொண்டு, அத்தொழிற்சாலையைத் தன் கண்காணிப்பின் கீழ் வைத்தது. மூடிய தொழிற்சாலை 2022 ஜனவரி 12-ல்தான் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. அந்த நிறுவனத்தின் பெண்கள் தங்குவதற்கென்றுதான் வல்லம் வடகால் விடுதியும் கட்டப்பட்டது.

அன்று அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்ன பதில் மிகச் சுலபமானது. “நிய்யத் நல்லதா இருந்தா போதும் பாய். புள்ளையக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க” என்றேன். அவர் நிம்மதியாகப் போனார். எனக்குத்தான் நிம்மதி போயிற்று. ஏனெனில் அதே பதிலை முன்பொரு முறை எனக்கே நான் சொல்லிக்கொண்டதுண்டு.

2018-ஆம் ஆண்டு கோடைக்காலம். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் கூட்டமாக வந்திருக்கிறார்கள் என்று ஒரு குரல் பதிவு. அதனோடு, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காணொளி. இஷாவுக்குப் பிறகு எனக்கு வந்தது. பேரக்குழந்தைகள் உள்ள வீடு. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. குடும்பத்தார், ஜமாஅத்தார், பழைய நண்பர்கள் என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு உறங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த மே மாதம் 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகில் அத்திமூர் என்னும் கிராமத்தின் வழியாகச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போகிறவர்கள். வழி விசாரிப்பதற்காக வண்டியை நிறுத்தினார்கள். அங்கே நின்ற குழந்தைகளுக்கு, அவர்களில் ஒரு முதிய பெண்மணி சாக்லேட் கொடுத்தார். நம் வீட்டுப் பாட்டிமார் செய்யாத காரியமா? ஊர் திரண்டு வந்தது. அடித்தே கொன்றுவிட்டார்கள். உடன் வந்தவர்கள் குற்றுயிராய்க் கிடந்தார்கள். அதே ஆண்டு ஜூலை முதல் தேதி மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்து ரைன்பாடா கிராமத்தில், ஊர் ஊராகச் சென்று யாசித்துப் பிழைக்கும் ஐந்து பேர் இதே வதந்திக்குப் பலியானார்கள். இதற்கெல்லாம் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது.

அந்தக் காணொளி எங்கிருந்து வந்தது தெரியுமா? கராச்சியில், காணாமற்போன குழந்தைகளுக்காகப் பாடுபடும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்னும் தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. கடைசியில் அந்த மோட்டார் சைக்கிள்காரர்களே குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பெற்றோர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று எழுதிய அட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டான். குழந்தைகளைக் காப்பதற்கென்று எடுத்த படம், ஒரு பாட்டியைக் கொல்வதற்குப் பயன்பட்டது.

நான் அனுப்பியது அத்திமூர் வரை போயிருக்காது என்று என் மனம் வாதாடும். போகவில்லை என்று யார் எனக்கு எழுதிக் கொடுத்தார்கள்? அங்கே கை ஓங்கியவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள். நிய்யத் என்று பார்த்தால் அவர்களுக்கும் நிய்யத் உண்டு.

ஆகவே அந்தப் பெண் பிள்ளையின் கேள்வியை மீண்டும் எடுத்துக் கொள்வோம். அவள் பயானில் கேட்ட நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பின் முன்னுரையிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவன் பொய்யில் விழுவதற்குப் போதும் என்பது அதன் கருத்து. இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார்கள். உண்மைக்கு மாறானதைச் சொன்னால் அது பொய்தான். வேண்டுமென்றே சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்பது அது பொய் என்பதை மாற்றாது. ஆனால் பொய் சொன்ன குற்றம் ஒருவன்மீது எழுதப்படுவதற்கு, அவன் அறிந்தே சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் அந்தப் பெண் வேண்டுமென்று பொய்யுரைத்த பாவியல்லள். நான் சொன்ன ஆறுதலில் இவ்வளவு மட்டும் சரி.

ஆனால் விஷயம் அங்கே முடிந்துவிடவில்லை. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துக் கொள்ளுங்கள், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்துவீர்கள் என்னும் கருத்தில் அல்லாஹுத் தஆலா ஹுஜ்ராத் அத்தியாயத்தில் எச்சரிக்கின்றான். அறியாமையால் செய்த தீங்கு என்றுதான் அங்கே வருகின்றது. கெட்ட எண்ணத்தோடு செய்கிறவனுக்கு அந்த எச்சரிக்கை தேவையில்லை. அவன் எப்படியும் செய்வான். நல்லெண்ணம் உள்ளவர்களுக்குத்தான் அது. விசாரிக்கும் கடமையை விட்டதற்கு நிய்யத் பதிலாகுமா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நிய்யத்தைப் பற்றிய பாகத்தில் இதை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடுகிறார்கள்: நல்ல எண்ணத்தைச் சேர்ப்பதால் ஒரு பாவமான செயல் வணக்கமாக மாறிவிடாது, பிறன் பொருளை எடுத்து ஏழைக்கு உணவளித்தவன் தர்மம் செய்தவனாக மாட்டான். நிய்யத்தைப் பற்றிய நபிமொழியை நம்மில் பலர் மன்னிப்புச் சீட்டாகவே பயன்படுத்துகிறோம். நானும் அன்று அப்படித்தான் பயன்படுத்தினேன்.

பயம் வந்தால் மனிதனுக்கு விசாரணை மறந்துவிடுகின்றது. இது கைபேசி கற்றுத் தந்த பாடமன்று. மதீனாவில் ரவ்ளா ஷரீபின் பணியாளரான ஷைகு அஹ்மது என்பவர் கண்ட கனவு என்று ஒரு நோட்டீஸ் நம்மவர்களிடையே சுற்றி வருவதை வயதானவர்கள் அறிவார்கள். இத்தனை பிரதி எடுத்து விநியோகித்தவருக்கு இன்ன பாக்கியம், கிழித்தெறிந்தவருக்கு இன்ன முஸீபத் என்று போட்டிருக்கும். அந்தக் காலத்தில் போஸ்ட் கார்டில் கையால் எழுதி அனுப்பினோம். இது ஆதாரமற்ற கட்டுக்கதை என்று சவூதி நாட்டின் தலைமை முஃப்தியாக இருந்த ஷைகு இப்னு பாஸ் அவர்கள் தனிப் பிரசுரமே எழுதினார்கள். இன்றும் நிற்கவில்லை, கார்டிலிருந்து வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நம்பியதால் அனுப்புகிறவர்கள் குறைவு. “எதற்கு வம்பு, அனுப்பிவிடுவோம்” என்று அனுப்புகிறவர்களே அதிகம்.

அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பயம் இப்பொழுது ஒரு சரக்கு. அதை விற்றுப் பேர் வாங்கலாம், பணமும் பண்ணலாம்.

2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீஹார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. பீஹார் சட்டசபையில் அமளி. அம்மாநில அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்பிற்று. அவற்றில் ஒரு காணொளியில் இருந்தது திருப்பூரில் பீஹார் தொழிலாளர்களே இரண்டு பிரிவாக மோதிக் கொண்ட பழைய சண்டை. மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர் இருவரின் தகராறு. இரண்டும் திரித்துச் சொல்லப்பட்டவை என்று அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அறிவித்தார். ஹோலிப் பண்டிகைக்கு ஊர் போகிற காலம் அது. பண்டிகைக்குப் போகிறவனும் பயந்து போகிறவனும் ஒரே ரயிலில் ஏறினார்கள். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் பீஹார் பையன் ஒருவன் எங்கள் பள்ளியில் தொழ வருவான். அந்த வாரம் அவனுடைய தாயார் ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை போன் செய்து, நீ உயிரோடுதான் இருக்கிறாயா என்று கேட்டாராம். ஸஃப்பில் நிற்கும்போது அவன் அடிக்கடி திரும்பி வாசலைப் பார்த்ததை நான் கவனித்தேன். எங்களையா பார்த்துப் பயப்படுகிறான் என்று எனக்கு மனம் வலித்தது.

பொய்க் காணொளிகளைப் பரப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் பீஹாரின் யூடியூபர் மணீஷ் கஷ்யப் ஒருவர். 2023 மார்ச் 18-ல் அவர் அங்கே போலீசில் சரணடைந்தார், தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார், தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் வைக்கப்பட்டார். அந்தக் காவலை அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. 2025-ல் நடந்த பீஹார் சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். அவர் குற்றவாளியா, அல்லவா என்பதை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. கேட்டதைக் கொண்டு நாம் முடிவு கட்டினால் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமே இல்லை. என் கேள்வி தனி மனிதரைப் பற்றியதன்று. இலட்சக்கணக்கானோர் பார்க்கும் ஓர் இடத்தைக் கட்டி வைத்தது யார்? அச்சமூட்டும் காணொளியை ஒருவன் ஏற்றுகிறான். அதைத் திறந்து பார்க்கிறோம், மற்றவர்களையும் பார்க்கச் சொல்கிறோம். ஒவ்வொரு பார்வைக்கும் அவனுடைய கணக்கில் ஒன்று ஏறுகின்றது. நிதானமான செய்தி சொல்கிறவனுக்கு அந்தக் கணக்கு ஏறுவதில்லை. அடுத்த முறை அவன் எதைச் சொல்லுவான் என்பதை நாம்தாம் தீர்மானிக்கிறோம்.

புகழுக்காகச் செய்யும் நற்செயலின் கதி என்ன என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மறுமையில் முதன்முதலாக விசாரிக்கப்படுகிறவர்களில் போரில் உயிர் நீத்தவர், மார்க்கம் கற்றுக் கொடுத்தவர், வாரி வழங்கியவர் ஆகிய மூவர் இருப்பார்கள். வீரன், ஆலிம், வள்ளல் என்று உலகம் சொல்ல வேண்டும் என்பதற்காகச் செய்தபடியால் மூவரும் நரகில் எறியப்படுவார்கள் என்பது அந்த ஹதீஸின் சுருக்கம். உயிரைக் கொடுத்தவருக்கே முகஸ்துதியால் இந்த நிலை என்றால், பொய்யைக் கொடுத்துப் புகழ் வாங்குகிறவனின் கணக்கை என்னவென்பது!

ஆனால் யூடியூபரைத் திட்டிவிட்டு எழுந்து போவது எனக்குச் சுலபமாக இல்லை. 2018-ல் அந்தக் காணொளியை நான் அனுப்பியபோது என் மனத்தில் என்ன இருந்தது என்று பலமுறை கிளறிப் பார்த்தேன். பேரப்பிள்ளைகளைப் பற்றிய பயம் இருந்தது, உண்மை. அதன் அடியில் வேறொன்றும் இருந்தது. மறுநாள் காலையில் மைத்துனர் போன் செய்து, “மச்சான், நீங்க சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்” என்றபோது உள்ளுக்குள் ஓர் இனிப்பு ஊறிற்று. முதலில் சொன்னவன் நான் என்கிற இனிப்பு. அறுபது பேர் உள்ள குரூப்பில் கிடைக்கும் புகழும் புகழ்தான், அளவுதான் சிறியது. சுத்தமான நிய்யத் என்று நான் சொல்லிக்கொண்டதில் எத்தனை பங்கு சுத்தம் என்பது எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் மனத்தை நான் அளக்க மாட்டேன். அது எனக்கு உரிமையில்லாத காரியம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் டில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியவர்களைக் காரணம் காட்டி, கொரோனா நோயையே நம்முடைய சமுதாயம் பரப்புவதாக நாடெங்கும் பேசினார்கள். பழ வியாபாரியின் தள்ளுவண்டியைக் கண்டு பயந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத இடமுண்டு என்று கூறியது. அப்பொழுது நாம் எவ்வளவு நொந்தோம்! விசாரிக்காமல் பரப்புகிறார்களே என்று எத்தனை மேடைகளில் பேசினோம்! அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், வடநாட்டு ஏழைகளைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சொன்ன செய்தியை அனுப்பியவர்களில் நாமும் இருந்தோம். நம்மைப் பற்றி வந்தால் அவதூறு. நம் கையிலிருந்து போனால் எச்சரிக்கை. இது எந்த ஊர் நியாயம்?

இனி, பயந்தவர் என்னதான் செய்வது? வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவதா? அப்படிச் சொன்னால் அந்தத் தொழிலாளப் பெண்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அமைதியைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ ஒரு செய்தி வந்தால் சிலர் உடனே பரப்பிவிடுகிறார்கள் என்றும், தூதரிடமும் பொறுப்புள்ளவர்களிடமும் கொண்டுபோயிருந்தால் உண்மை விளங்கியிருக்கும் என்றும் நிஸா அத்தியாயத்தின் 83-ஆவது வசனம் சுட்டிக் காட்டுகின்றது. இந்த வசனத்தோடு ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி ஒன்றை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மாத காலம் மனைவியரை விட்டுத் தனித்து ஒரு மாடியறையில் தங்கியிருந்தார்கள். மனைவியரைத் தலாக் சொல்லிவிட்டார்கள் என்று மதீனா முழுவதும் பேச்சு. பள்ளிவாசலில் மக்கள் பொடிக்கற்களால் தரையைத் தட்டியபடி கவலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் அந்த அறைக்குப் போனார்கள். அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. மறுபடியும் கேட்டார்கள். மூன்றாம் முறைதான் கிடைத்தது. உள்ளே சென்று, தாங்கள் தலாக் சொல்லிவிட்டீர்களா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. இதை மக்களிடம் சொல்லட்டுமா என்று அதற்கும் அனுமதி பெற்று, பள்ளிவாசலின் வாசலில் வந்து நின்று, உரத்த குரலில் அறிவித்தார்கள்.

இந்த வரலாற்றைப் பயான்களில் சொல்லும்போது உமர் (ரலி) அவர்கள் விசாரித்ததை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். அல்லாஹ்வின் தூதரிடம், அதுவும் அவர்களுடைய சொந்தக் குடும்ப விஷயத்தை, ஒருவர் கேட்க முடிந்தது. கேட்டவரை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. ஒரே சொல்லில் உண்மை கிடைத்தது. அதை ஊருக்குச் சொல்லவும் தடையில்லை. கேட்பதற்கு ஒரு கதவும், அந்தக் கதவுக்குப் பின்னால் பதில் சொல்ல ஒருவரும் இருந்தபடியால்தான் வதந்தி அன்றே இறந்தது. விடுதிப் பெண்கள் யாருடைய கதவைத் தட்டுவார்கள்? தோழி எந்த மருத்துவமனையில் இருக்கிறாள் என்று கேட்டவளுக்குப் பதில் கிடைத்திருந்தால், நள்ளிரவில் நெடுஞ்சாலைக்கு வர அவளுக்கு என்ன வேண்டுதலா? உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்து மௌனம் காத்தவருக்கு, வதந்தி பரப்பினார்கள் என்று பிறரைக் குற்றம் சாட்டும் தகுதி குறைவு. பொய்யின் பாவத்தில் அவருக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன். ஆலிம்கள் இதில் என்னைத் திருத்தினால் திருத்திக்கொள்வேன்.

பரப்பியவர்களை என்ன செய்வது என்பதற்கும் நமக்கு முன்மாதிரி உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது முனாஃபிக்குகள் கட்டிய அபாண்டத்தை நம்பிப் பேசியவர்களில் மிஸ்தஹ் (ரலி) அவர்களும் இருந்தார்கள். பத்ருப் போரில் கலந்துகொண்டவர், ஏழை, அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் உறவினர், அவர்களுடைய உதவியில் வாழ்ந்தவர். இவ்வளவு நல்லவரே இப்படி ஒரு பேச்சில் வழுக்கி விழுந்தார். தண்டனையும் பெற்றார். இனி உதவ மாட்டேன் என்று ஸித்தீக் (ரலி) அவர்கள் சத்தியம் செய்துவிட்டார்கள். பாதிக்கப்பட்டது சொந்த மகள் அல்லவா! அப்படியிருந்தும், மன்னித்துவிடும்படி நூர் அத்தியாயத்தில் வசனம் இறங்கிற்று. உதவி மறுபடியும் தொடங்கிற்று. தண்டனை வேறு, ஒரு மனிதனைக் காலமெல்லாம் ஒதுக்கி வைப்பது வேறு.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தபின், அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்ன பதில் பாதிப் பதில் என்று உறுதியாயிற்று. எங்கள் இமாம் ஹஜ்ரத்திடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு மஸ்அலாவை எடுத்துக் காட்டினார். கற்புள்ளவர் மீது பழி சொன்னவன் தவ்பாச் செய்வதானால், தான் சொன்னது தவறு என்று தன் வாயாலேயே மறுக்க வேண்டும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. “இது அந்த அளவுக்குப் பெரிய விஷயமில்லை. ஆனா வழி அதுதான். எங்க அனுப்பினாங்களோ அங்கேயே போய், நான் அனுப்பினது உண்மையில்லன்னு சொல்லிடணும். தஸ்பீஹ் மட்டும் ஓதிட்டு இருந்தாப் போதாது” என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, “நீங்க 2018-ல அனுப்பினதுக்கு என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவே எங்கள் குடும்ப குரூப்பில், ஆறேழு வருடத்துக்கு முன்னால் பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி நான் அனுப்பியது பொய்ச் செய்தி என்றும், அந்தக் காணொளியின் உண்மை என்ன என்றும், அத்திமூரில் நடந்தது என்ன என்றும் எழுதி அனுப்பினேன். ஜமாஅத் குரூப்பிலும் போட்டேன். முன்பு அனுப்பியபோது ஐந்து நிமிடத்தில் முப்பது பேர் பதில் போட்டார்கள். இதற்கு மைத்துனர் மட்டும், “எந்தக் காணொளி மச்சான்?” என்று கேட்டிருந்தார். மற்றவர்கள் கல்யாண வீட்டுப் புகைப்படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

திருவாரூருக்குப் போன் செய்தேன். தகப்பனார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“மூணு குரூப்புல ரெண்டு இப்ப இல்ல பாய். கம்பெனி மாறினப்ப புள்ளைங்கள்லாம் கலைஞ்சு போயிட்டாங்களாம். ஒண்ணு இருக்கு. அதுல போடச் சொல்லவா?”

“சொல்லுங்க பாய்.”

“அந்த ரூம்ல சாப்பாடு மோசமாத்தான் இருந்துச்சு பாய். அதையும் சேத்து எழுதலாமா?”

எழுதச் சொன்னேன்.